மூன்றாம் மாடிக்காரரின் குரல்

"நேத்து நீங்க பேசினது எனக்குப் பெரிய ஆறுதலா இருந்துச்சு சார். எங்க பாஷை உங்களுக்கு இவ்வளவு சுத்தமா வரும்னு நினைக்கவே இல்ல" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர், ஊர்ப் பொதுமொழியில் திக்கித் திக்கி.

மூன்றாம் மாடிக்காரர் சாவியும் கையுமாக நின்றார். பல் செட் செய்யும் லேபில் அவருக்கு வேலை. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. தையல்காரரின் பாஷையில் ஒரு சொல்கூட அவருக்குத் தெரியாது.

"நானா? எப்போ?"

"மத்தியானம். கதவைத் திறக்கல, உள்ளேயிருந்தே பேசினீங்க. என் வீட்டுக்காரி செத்ததைப் பத்தி எவ்வளவு பொறுமையாக் கேட்டீங்க!"

நூறு வருஷத்துக் கட்டடம் அது. மாலையில் படியேறினால் ஒரு கதவுக்குப் பின்னால் தாலாட்டு, இன்னொன்றில் சண்டை, மூன்றாவதில் யாரோ வாய்விட்டுப் படிக்கும் செய்தித்தாள் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத ஐந்தாறு பாஷைகள், தாளிப்பு வாசனையோடும் ஈரச் சுண்ணாம்பு நெடியோடும் கலந்து, அவர் வாசல்வரை கூடவே வந்து நின்றுவிடும். அவருடைய தமிழோ, தங்கை போன் செய்யும்போது மட்டும்தான் வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் வாய்க்குள்ளேயே ஊறிக்கொண்டு கிடக்கும்.

மறுநாள் மேல்மாடி நர்ஸம்மா படியில் மறித்து, தன் பாஷையில் உரிமையோடு ஏதோ சொல்லிச் சிரித்தாள். இவர் திருதிருவென்று விழித்ததும் அவள் முகம் சுண்டிப்போயிற்று.

திருடனோ என்று பூட்டை மாற்றினார். பரண், அலமாரி, கட்டிலடி எல்லாம் பார்த்தார். ஒரு பூச்சிகூட இல்லை. உண்மையைச் சொன்னால், பயத்துக்கு முன்னால் அவருக்கு வந்தது வயிற்றெரிச்சல்தான். தன் வீட்டிலிருந்துகொண்டு, தனக்கு வாய்க்காத அக்கம்பக்கத்தாரை எல்லாம் யாரோ சொந்தமாக்கிக்கொள்கிறார்கள்!

"என்னோட ரெண்டு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவே?" என்று அன்று மாலை வெறும் கூடத்தைப் பார்த்துக் கேட்டார்.

குழாய் சொட்டியது. வாசல் பக்கத்துச் சுவரில் கை வைத்தார். இவ்வளவு நேரம் யாரோ முதுகு சாய்த்திருந்த மாதிரி அந்த இடம் மட்டும் கதகதப்பாக இருந்தது. பேச வாயெடுப்பவர்கள் இழுக்கும் மூச்சு ஒன்று கேட்டது. பேச்சு வரவில்லை.

அங்கேயே நின்று தங்கைக்குப் போன் செய்தார். "என்னை வந்து கூட்டிக்கிட்டுப் போயிடும்மா. இங்க தனியா இருக்க முடியல." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கூடம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை பத்து மணி. நல்ல வெயில். பெட்டி தயாராக இருந்தது. படியில் பழகிய செருப்புச் சத்தம்.

"அண்ணா, கிளம்பிட்டியா? டாக்ஸி கீழ நிக்குது."

அவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

"இல்லம்மா" என்றது அவர் குரல், கதவருகிலிருந்து. "மனசு மாறிடுச்சு. இங்க எல்லாரும் நல்லாப் பழகிட்டாங்க."

ஓடினார். தாழ்ப்பாளை இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் கதவில் அடித்தார்.

"அது என்னண்ணா சத்தம்?"

"மேல ஆணி அடிக்கிறாங்க."

"கதவையாவது திறயேன்."

"குளிச்சுட்டு ஈரத்தோட நிக்கறேன்மா. நீ போ, டாக்ஸி காத்துக்கிட்டிருக்கும்."

அடித்தார். அடித்தார். தோல் உரிந்தது. கதவின் பார்வைத் துளையில் கண்ணை வைத்தார். தங்கை நின்றிருந்தாள். ஒரு சாண் தூரம்.

"நீ தனியாக் கிடக்கறேன்னு வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தேன். இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு." உள்ளங்கையைக் கதவில் ஒருமுறை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இறங்கத் தொடங்கினாள்.

"பார்த்துப் போம்மா, படி வழுக்கும்."

அந்தச் சொற்களின் சூடு அவருடைய காதுமடலில் பட்டது.