தட்டிக்கொண்டே இருந்தவள்

தொண்டு நிறுவனத்தின் அலுவலர் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். ஆஸ்பத்திரியில் அவருக்குக் கோட்டு சார் என்றே பெயர்.

"உள்ள வந்து காட்டுங்களேன் சார்."

"காட்ட என்ன சிஸ்டர் இருக்கு? ஒரு ரூம், ஒரு சமையலறை. கட்டில், அடுப்பு எல்லாம் இருக்கு. முன்னாடி இருந்த சிஸ்டர் போட்டது போட்டபடி விட்டுட்டுப் போய்ட்டாங்க."

"ஏன் போனாங்க?"

"போய்ட்டாங்க," என்று மறுபடியும் அதையே சொன்னார். அடுத்த கேள்விக்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

தோண்டித் துருவ நர்ஸுக்கும் தெம்பில்லை. விமானம் மாறி மாறி வந்த அலுப்பு ஒரு பக்கம். கிளம்பும்போது தம்பி சொன்னது இன்னொரு பக்கம். "சொந்த அப்பனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க நாதியில்ல. நீ கடல் தாண்டிப் போய் கண்டவங்களுக்கு சேவை செய்யப் போறியாக்கும்?" அதுநாள்வரை அப்பாவைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். தன் முறை வந்ததும் தம்பிக்கு வாய் நீண்டுவிட்டது.

வீடு என்றால் பாதி வீடு. நடுவே சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். மறு பாதியில் ஒரு தையல்காரம்மா தனியாக இருந்தாள். அவளுடைய மெஷின் பகலெல்லாம் கடகடத்தது.

அறையில் காயாத துணியின் வாடை. ஜன்னலைத் திறந்து போட்டு, பினாயில் ஊற்றித் தரையைக் கழுவியும் அது போகவில்லை. கட்டிலில் படுத்தால் கை எட்டுகிற இடத்தில் நடுச்சுவரின் பூச்சு உதிர்ந்து பள்ளமாகியிருந்தது. கட்டில் இடித்திருக்கும் என்று நினைத்து, அதை மறைக்க ஒரு காலண்டரை மாட்டினாள் நர்ஸ்.

மத்தியானம் சாப்பிட வரும்போதெல்லாம் ஒரு சத்தம் கேட்டது.

டொக். டொக்.

விரல் முட்டியால் சுவரைத் தட்டுகிற சத்தம். உடனே அந்தப் பக்கம் மெஷின் தறிகெட்டு ஓட ஆரம்பிக்கும். தையல்காரம்மா எதையோ தட்டுகிறாள் என்று இவளும் சோற்றைப் பிசைய உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள் சத்தம் கேட்கும்போது தற்செயலாகக் காலண்டரைப் பார்த்தாள். ஒவ்வொரு டொக்குக்கும் அதன் தாள் பள்ளத்துக்குள் அமுங்கி அமுங்கி எழுந்தது.

தட்டுவது அந்தப் பக்கம் இல்லை.

இந்தப் பக்கம்.

கையைக்கூடக் கழுவாமல் வெளியே ஓடினாள். வேறு வீடு கேட்டபோது கோட்டு சார் சிரித்தார். "சேவைக்குன்னு வந்துட்டு வசதி பாக்கலாமா சிஸ்டர்?"

அந்த வாரம் ஆஸ்பத்திரி வார்டில் காய்ச்சல் பரவியது. ஒரு காலையில் அது அவளையும் சாய்த்துவிட்டது. எழுந்தால் கண் இருட்டியது. கோட்டு சாருக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கு லீவாச்சே சிஸ்டர். மாத்திரை போட்டுட்டுப் படுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வேறு வழி தெரியாமல் கையை நீட்டிச் சுவரைத் தட்டினாள். அந்தப் பக்கம் மெஷின் வேகமெடுத்தது. இன்னும் பலமாகத் தட்டினாள். மெஷின் இன்னும் வேகமாக ஓடியது. முட்டித் தோல் உரிந்து காலண்டரில் ரத்தம் ஒட்டும்வரை தட்டினாள்.

யாரும் வரவில்லை.

அப்போது அவள் நெற்றியில் ஈரத்துணி ஒன்று விழுந்தது.

துணி ஜில்லென்றிருந்தது. அதை அழுத்திப் பிடித்த விரல்களோ அவள் நெற்றியைவிட அதிகமாகச் சுட்டன.

"யாரு?"

காதருகே பற்கள் கிடுகிடுக்கிற சத்தம் மட்டும்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

காய்ச்சல் விட்டு நடக்க முடிந்ததும், வீட்டைப் பூட்டிக்கொண்டு நேராகத் தையல்காரம்மாவிடம் போனாள். அரைகுறையாகப் பழகியிருந்த அந்த ஊர் மொழியில் கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு நான் சுவரைத் தட்டுனேனே. கேக்கலையா?"

தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் வரல?"

"நீங்கன்னு தெரியாது சிஸ்டர். அவதான்னு நினைச்சேன்."

"எவ?"

"முன்ன இருந்தவ. உப்பு தீர்ந்தா தட்டுவா. பேச்சுத் துணை வேணும்னா தட்டுவா. புது இடம், பாவம், யாரையும் தெரியாது. நானும் போவேன். ஒருநாள் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற அவசரம். காலையிலேருந்து தட்டிக்கிட்டே இருந்தா. எரிச்சலா வந்துச்சு. சத்தம் கேக்கக் கூடாதுன்னு மெஷினை வேகமா மிதிச்சேன்." நூல் ஊசியை விட்டு நழுவியது. "சாயங்காலம் நின்னுபோச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு."

"அவங்க போய்ட்டதா சார் சொன்னாரே."

"ஆமா. போய்ட்டாதான்."

டொக்.

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். பூட்டிய வீட்டின் சாவி நர்ஸின் கையில்தான் இருந்தது.

டொக். டொக்.

தையல்காரம்மாவின் கால் பழக்கதோஷத்தில் மெஷினை மிதிக்கப் போனது. நர்ஸ் எட்டிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"மிதிக்காதீங்க. ஒரு தடவையாவது பதில் சொல்லுங்க."

"வேணாம் சிஸ்டர்..."

"சொல்லுங்க!"

தையல்காரம்மா எழுந்து போய்ச் சுவரில் கை வைத்தாள். "கேக்குதும்மா. என்ன வேணும்?"

சத்தம் நின்றது.

பிறகு பூட்டியிருந்த பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. காலை இழுத்து இழுத்து யாரோ வெளிச்சுவரை ஒட்டி நடந்து வந்தார்கள். நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தார்கள். நல்ல வெளிச்சம். வாசலில் நிழல்கூட விழவில்லை. ஆனால் வாசல் திரைச்சீலை விலகி, ஒரு ஆள் நுழைகிற நேரம் விலகியே இருந்து, மெல்ல மூடிக்கொண்டது.

தையல்காரம்மா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சுடுது சிஸ்டர்," என்றாள் குழந்தைபோல. அப்படியே சரிந்தாள்.

நர்ஸ் அவளைத் தாங்கி, வெட்டிப் போட்டிருந்த துணிகளின் மேல் படுக்கவைத்தாள். வலது கையைப் பிடித்து நாடி பார்த்தாள். குதிரையோட்டமாக ஓடியது.

தையல்காரம்மாவின் இடது கை மெல்ல மேலே எழுந்தது. யாருடைய கையையோ கோத்துக்கொண்டதுபோல் விரல்கள் மடங்கி, அந்தரத்தில் நின்றது.

நர்ஸ் அதைக் கீழே இறக்கப் பார்த்தாள். வரவில்லை.

அந்தப் பக்கம் பிடி இன்னும் இறுகியது.