பன்னிரண்டாவது அட்டை

நிலக்சனா மூன்று தரம் எண்ணினாள். மூன்று தரமும் பதினொன்றுதான் வந்தது.

பன்னிரண்டு இருந்திருக்க வேண்டும். அப்படித்தான் அவளே தன் கையால் எழுதி, போன வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் இராசேஸ்வரி மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னாலிருந்த அந்தச் சாமான் அறையில், பின்னேரம் ஐந்து மணிக்கு அடித்த வெக்கைக்கு ஒரு முட்டையை வைத்திருந்தால் அது குஞ்சு பொரித்து, குஞ்சு வளர்ந்து, கறியாகியும் இருக்கும். யன்னலைத் திறக்க வழியில்லை. வெயில் பட்டால் பழைய வர்ணம் செத்துப்போகும் என்று அருங்காட்சியகவியல் அறிமுக வகுப்பில் படித்துவிட்டு வந்து, யன்னல்களைச் சாக்கால் மூடிக் கட்டியவளும் அவளேதான். சாக்கின் ஓட்டைகளால் வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கியது. அந்த ஊசிகளுக்கு நடுவில், சுவரோரமாக, உடக்குகள் நின்றன: கயிற்றை இழுத்தால் கழுத்தும் கையும் அசைகிற, ஆளுயர மரச் சீடர்கள். முந்தியெல்லாம் பெரிய வெள்ளிக்குப் பாஸ் என்னும் திருப்பாடுகளின் நாடகம் காட்டும்போது திரைக்குப் பின்னால் நின்று இழுப்பார்கள். சீடர்கள் தலை குனிவார்கள், கை கூப்புவார்கள், சனம் விம்மி விம்மி அழும். தொண்ணூறில் ஊரே இடம்பெயர்ந்ததோடு அது நின்றுபோயிற்று. கயிறுகள் உத்தரத்தில் சுருட்டிக் கிடந்தன. பதின்மூன்று வருடத்துத் தூசி, வௌவால் எச்சம், கரையான் தின்ற மரத்தின் புளித்த மணம்.

பாடவேலை சின்னது. உங்கள் ஊரில் ஒரு சேகரிப்பைத் தேடி, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள்: உயரம், அடையாளம், நிலை, அசையும் பாகங்கள், உரியவர். மிஸ் முதல் நாளே கரும்பலகையில் ஒரு விதியும் எழுதியிருந்தா. அட்டை இருந்தால் பொருள் இருக்க வேண்டும். பொருள் இல்லையென்றால் அங்கே களவு.

நிலக்சனா நாலு உடக்குகளை அளந்தாள். நாலுக்கும் சேர்த்து நானூறு தும்மல். மிச்சத்தை வீட்டில் விளக்கடியில் குந்தியிருந்து, மனதில் வந்தபடி எழுதி முடித்தாள். சீடர் எத்தனை பேரென்று ஞானப்பாடம் படித்த பிள்ளைக்குத் தெரியாதா?

"என்ன பிள்ளை, பிரசங்கம் வைக்கப் போறீரோ? அவையளையே பாத்துக்கொண்டு நிக்கிறீர்."

வாசலில் யாக்கோப்பு. இருபது வருடமாகக் கோயில் பூட்டுகளின் திறப்புகள் அவர் இடுப்பில்தான். அந்தக் கோர்வையைக் கட்டி இறக்கினால் ஒரு வள்ளம் நங்கூரமில்லாமல் நிற்கும்.

"யாக்கோப்பண்ணை, பன்னிரண்டாவது எங்கை?"

"ஆர், யூதாசோ?" அவர் சிரித்த சிரிப்பில் தூசி எழும்பியது. "அவனைச் செதுக்க ஒரு ஆசாரியும் சம்மதிக்கேல்லை. அப்ப வருசா வருசம் வைக்கோலாலை கட்டி, பாஸ் முடியக் கடலிலை விட்டிடுவம். இன்னும் ஒருத்தனும் திரும்பி வரேல்லை."

அவள் பைக்குள்ளிருந்த அட்டைகளைத் தடவினாள். "நாளைக்கு ஒன்பது மணிக்கு மிஸ் வாறா. அட்டையளோடை சரி பாக்க."

"வரட்டும், வரட்டும். கோயில் சாமியாருக்கும் ஒரு பிரதி வந்ததாம். நல்ல காரியம் செய்தனீர் பிள்ளை. அந்த ரெண்டு குத்துவிளக்கும் காணாமல் போன நாள் துவக்கம் ஊர் என்னை ஒரு மாதிரித்தான் பாக்குது. இனி எல்லாம் எழுத்திலை இருக்கு. ஒருத்தரும் வாய் திறக்கேலாது." திறப்புகள் குலுங்கின. "நான் மணியடிச்சிட்டு வாறன்."

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். நாளை ஒன்பது மணிக்கு அவர் கள்ளன்.

அந்த அட்டையை வெட்டிவிடலாம். சிவப்பு மையால் ஒரு கோடு, பக்கத்தில் திகதி, கையெழுத்து. பொய்யெழுதினேன் என்று மிஸ்ஸிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். படிப்புப் போனாலும் போகட்டும். பைக்குள்ளிருந்து தன் பிரதியை எடுத்து, பன்னிரண்டாவது அட்டையை வெளிச்ச ஊசியொன்றின் கீழே பிடித்தாள்.

உயரம்: ஐந்தடி ஏழு அங்குலம். அடையாளம்: இடது காது நுனி இல்லை, வலது சின்னிவிரல் வளைந்தது. நிலை: உப்பு ஊறியது.

அன்றிரவு நித்திரை தூங்கத் தூங்க எழுதியது. இவ்வளவு விபரம் எங்கிருந்து வந்ததென்று இப்போதுதான் உறைத்தது. வீட்டில் விளக்குக்கு நேரே சுவரில் மிரோஜனின் படம் தொங்கியது. அண்ணன். பத்து வயதில் தூண்டில் முள் காது நுனியைக் கொண்டுபோனது. நாலு வருடத்துக்கு முன் கடல் அவனைக் கொண்டுபோனது. வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. அம்மா ஞானசவுந்தரி இன்றுவரை மரணப் பூசைக்கு விடவில்லை. ஒவ்வொரு இரவும் அவனுக்கும் சேர்த்துத்தான் சமைப்பாள்.

சொட்.

நிலக்சனா நிமிர்ந்தாள். மழையில்லை. ஆவணியில் ஏது மழை?

சொட். சொட்.

மணம் மாறியிருந்தது. வௌவால் எச்சத்துக்கும் கரையானுக்கும் மேலால், மெல்ல மெல்ல, கடல் பாசி. வெயிலில் காயாத வலை. அதற்கும் அடியில், இனிப்பாக, அழுகலாக, வேறொன்று.

அவள் எண்ணத் தொடங்கினாள். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டு.

கடைசி மூலை. வெளிச்சம் எட்டாத இடம். மற்றவர்களை விடக் கொஞ்சம் குனிந்து. காலடியில் சீமெந்து கறுத்து நனைந்திருந்தது.

நல்லது, என்று அவளுடைய மனதில் ஒரு மூலை சொன்னது. பன்னிரண்டும் இருக்கிறது. யாக்கோப்பண்ணை தப்பினார்.

கிட்டப் போனாள். மரமா? மரம் போலத்தான். உப்புப் பூத்த மரம். இடது காது நுனி இல்லை.

சின்னிவிரலைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

அட்டையில் இன்னும் இரண்டு வரி இருந்தது. மற்றச் சீடர்களுக்கெல்லாம் 'அசையும் பாகங்கள்: கழுத்து, தோள், முழங்கை' என்று எழுதியிருந்தாள். இதற்கு, கை உளைந்து, கண் சொருகி, ஒரே சொல்.

அசையும் பாகங்கள்: எல்லாம்.

உரியவர்: ஞானசவுந்தரி.

சிவப்புப் பேனை. மூடி உருண்டு போனது. அட்டையைச் சுவரில் அமர்த்தி, கோட்டை இழுத்தாள். பாதி வரை.

மூலையிலிருந்து முனகல்.

சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்த மிரோஜன் முனகுவானே, அதே. அச்சொட்டாக அதே.

கை நின்றது. இழு. இழுடி. கை அசையவில்லை. இன்னும் மூன்று அங்குலக் கோடு. ஏலவில்லை.

வெளியே மணி அடித்தது. மணிக்கு நடுவில், முற்றத்து மணலில் செருப்புச் சத்தம்.

"பிள்ளை! இருட்டப் போகுது, இன்னும் என்ன செய்யிறாய்? தேத்தண்ணி கொண்டு வந்தனான்."

அம்மா.

வராதையுங்கோ என்று கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள்.

"ஆரோ உள்ளை நிக்கினமே? யாக்கோப்போ?"

"ஓம் அம்மா," என்றது அறை. "நான்தான்."

தேத்தண்ணிப் போத்தல் விழுந்து உடைந்தது.

மணி நின்றுவிட்டது.

"மிரோ?"

கதவுக் கொளுக்கி மெல்ல மேலெழுந்தது. கதவு திறந்தது. வாசல் வெளிச்சம் நீண்டு மூலைவரை போனது. அம்மா சிரித்துக்கொண்டு நின்றாள். நாலு வருடமாகச் சிரிக்காத சிரிப்பு.

உத்தரத்தில் கயிறுகள் சுருட்டியபடியே கிடந்தன. ஒரு கயிறும் அசையவில்லை.

மூலையில், உப்புச் சொரியச் சொரிய, இரண்டு கைகளும் எழுந்தன. விரிந்தன. வாய் திறந்தது. அதிலிருந்து கடல் வழியத் தொடங்கியது.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.