கூட வருபவர்

அவளுடைய மகள் உள்ளே வந்து கதவு சாத்திக்கொண்ட பிறகும், வாசல் ஒலிபெருக்கி இன்னொரு முறை "வந்தாச்சு" என்றது.

வருகிறவர் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறந்து, வீட்டுக்குச் சேதி சொல்லும் அந்தக் கணினி நிரலை எழுதியவன் அவள் கணவன். குரலும் அவனுடையதுதான். சாலை விபத்தில் அவன் போன பிறகு அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. ஊரார் எழுதிய நிரல்களைச் சீர்செய்வதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. சொந்த வீட்டில் மட்டும் கை எழவில்லை. ஆனாலும் அந்த இரண்டாவது "வந்தாச்சு" தினமும் அவளை வாசல் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது.

சன்னலில் அந்தி மழை வழிந்துகொண்டிருக்க, மடிக்கணினியைத் திறந்தாள். காரணம் உடனே சிக்கியது. வரவேற்கும் பகுதி ஓர் எழுத்துப் பிசகாமல் இரண்டு இடங்களில் இருந்தது. "காப்பி அடிக்கிறதுல உன்னை மிஞ்ச ஆளே கிடையாது" என்று அவனைக் கேலி செய்ததெல்லாம் நினைவுக்கு வர, சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஒன்றை அழித்தாள். மிஞ்சியதில் ஒரு பாராமீட்டர் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது: 'கூட வருபவர்'. வாசலிலிருந்து நிரல் வாங்கி வைத்துக்கொண்டு, எங்கேயும் பயன்படுத்தாத மதிப்பு. அதையும் எடுத்தாள்.

"ஒரு தடவை வெளிய போயிட்டு வாடா கண்ணு."

மகள் போய் வந்தாள். ஒரே ஒரு "வந்தாச்சு". கதவு சாத்திக்கொண்டது. மகள் மட்டும் நகரவில்லை. கதவில் நெற்றியை வைத்தபடி நின்றாள்.

"அம்மா, அப்பா வெளியவே நிக்கிறாரு."

"என்னடா சொல்ற?"

"தினமும் என் பின்னாடியே வருவாரு. இன்னைக்குக் கதவு விடல."

வாசல் கேமராவில் மழை மட்டும்தான் தெரிந்தது. ஆனால் கைப்பிடி மெல்லத் தாழ்ந்தது. எழுந்தது. மறுபடி தாழ்ந்தது. இரண்டு கையிலும் பையோடு வரும் நாளில் அவன் முழங்கையால் அழுத்துவானே, அப்படி. கதவிடுக்கு வழியே ஈர ரப்பர் வாடை கசிந்தது. அவனுடைய மழைக்கோட்டின் வாடை.

பயத்தையும் மீறி அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். நனைஞ்சுக்கிட்டு நிக்கிறானே.

அழித்ததையெல்லாம் மீட்டாள். சாம்பல் நிறப் பெயர் பளிச்சென்று ஒளிர்ந்தது. வரவேற்கும் பகுதிக்கு மறுபடி இரண்டு பிரதிகள். அவள் கை வைக்காமலே மூன்று. நான்கு. திரை நிறைந்து கீழே ஓடியது.

கதவு திறந்தது.

"வந்தாச்சு."

வாடை அறையை அடைத்தது. நாற்காலிக்குப் பின்னால் ஈரமாய் ஒரு மூச்சு. திரும்பவில்லை அவள். கண்ணை மூடிக்கொண்டு, "வந்துட்டியா" என்றாள் மெதுவாக.

மகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"அம்மா, அது அப்பா இல்லம்மா."

கண் திறந்தாள். மகளின் பார்வை அவள் தோளுக்கு மேலே ஒரு முகத்தில் நின்றிருந்தது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்றில். பிறகு, அதற்கும் பக்கத்தில்.