மூலையில் போட்ட கால்மிதி

எல்லோரும் நலம்தானே? ஒரே மழையும் ஈரமுமாக இருக்கிறது, வழுக்காமல் நடமாடுகிறீர்களா? முட்டிவலிக்காரர்கள் முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்துச் சாய்ந்துகொள்ளுங்கள். இது ஒரு வீட்டுத் தரையைப் பற்றிய கதை.

அந்த வீட்டில் ஒரு திங்கட்கிழமை காலையில், குருவி என்று கூப்பிடப்படும் எட்டு வயதுப் பிள்ளை, ஒன்றுமே இல்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். ஆரம்பித்தது அவ்வளவுதான்.

குருவிக்கு இரண்டு வருடமாகக் கண் தெரியாது. அவள் அம்மாவுக்குத் தொழிலே தரை போடுவது. அலுவலகம், மருத்துவமனை என்று நாலு பேர் புழங்கும் இடங்களில், எங்கே வழவழப்பு வைக்கலாம், எங்கே சொரசொரப்பு வைக்கலாம், எப்படி வைத்தால் ஒருவரை ஒருவர் இடிக்காமல் போவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனாலேயே வீட்டில் அவளுக்குத் தரைக்காரி என்று பெயர். கணவரும் அவருடைய அண்ணனும் கப்பல் வேலைக்காரர்கள். வருடத்தில் பாதி நாள் கடலில். வீட்டில் இருந்தது தரைக்காரி, குருவி, அண்ணன் மனைவியான பெரியம்மா, மூன்றே பேர்.

பிள்ளை தடுமாறாமல் நடக்க, தரைக்காரி வீடு முழுக்க வரிவரியாக மேடுள்ள ரப்பர் பட்டை ஒட்டியிருந்தாள். அதுதான் வழி. ஒவ்வொரு கட்டிலுக்கு முன்னாலும் ஒரு தென்னைநார்க் கால்மிதி. அதற்கு அப்பால் அவரவர் சொந்த இடம். சட்டம் இரண்டே இரண்டு. பட்டையில் யாராவது நின்றால் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். கால்மிதியில் நின்று "வரலாமா?" என்று கேட்க வேண்டும், "வாங்க" என்று பதில் வந்தால்தான் உள்ளே போகலாம்.

"நம்ம வீட்டுக்குள்ள நடக்க லைசென்ஸ்தான் இன்னும் எடுக்கல," என்பாள் பெரியம்மா. ஆனாலும் அவளும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

அந்தத் திங்கட்கிழமை, கூடத்தில் பாதி வழி வந்த குருவி சட்டென்று நின்றாள். பட்டையிலிருந்து இறங்கினாள். கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, மரியாதையாக ஒரு வளைவு வளைந்து, மறுபடி பட்டையில் ஏறிக்கொண்டாள்.

"ஏன்டா இறங்கின?"

"அவங்க நிக்கிறாங்கல்லம்மா."

"யாரு, பெரியம்மாவா?"

"பெரியம்மா குளிக்கிறாங்க. இவங்க ஈரத்துணி வாசனை."

தரைக்காரி குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். வீட்டில் எல்லா இடத்திலும் விரைப்பாக நிற்கும் ரப்பர் வரிகள், அந்த ஓர் இடத்தில் மட்டும் நசுங்கிக் கிடந்தன. இரண்டு பாதம் அகலத்துக்கு. அவள் விரலை எடுத்ததும் வரிகள் மெதுவாக, ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. வெயில் சூட்டில் ரப்பர் இளகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க வெயிலே இல்லை.

புதன்கிழமை அப்படிச் சுற்றிப் போகும்போது குருவி மேசை முனையில் மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். பெரியம்மா பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "இங்க பாரும்மா, இன்னொரு தடவ விழுந்தா நான் சும்மா இருக்க மாட்டேன். ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல விடுற வழியப் பாரு. பாத்துக்க ஆள் இருக்கும்," என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது. சொன்னபடி செய்துவிடுவாள் என்று தரைக்காரிக்குத் தெரிந்தது. பிள்ளை தானாக நடக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளை அவளோடு இருக்காது.

அப்போதுதான் தொழில் புத்தி குறுக்கே வந்தது. அலுவலகங்களில் நடைவழியை மறித்து நிற்பவர்களை யாரும் விரட்ட மாட்டார்கள். ஓரமாக வேறு தரை போட்டு ஓர் இடம் ஒதுக்கினால், தானாகவே அங்கே போய் நின்றுகொள்வார்கள். கூடத்து மூலையில் ஒரு கால்மிதியைப் போட்டாள். தனி இடம் என்றால் அதற்கு வழி வேண்டுமே. கைப்பழக்கத்தில் இரண்டு முழம் பட்டையும் வெட்டி, பெரிய பட்டையோடு சேர்த்து ஒட்டிவிட்டாள்.

மறுநாள் குருவி நேராக நடந்தாள். விறுவிறுவென்று, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு. "அவங்க இடத்துக்குப் போய்ட்டாங்கம்மா," என்றாள். பெரியம்மா கை தட்டினாள். தரைக்காரியும் சிரித்தாள். மூலையில் இருந்த புதுக் கால்மிதியின் நார், ஒரே நாளில் பத்து வருடம் மிதிபட்டது போல் படிந்திருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் கால்மிதியின் நார் நிமிர்ந்திருந்தது. நசுங்கல் பட்டைக்கு வந்திருந்தது. மதியம் இன்னும் நாலடி தள்ளி. சாயங்காலம் தண்ணீர் எடுக்கப் போனபோது இன்னும் இரண்டடி. குருவியின் அறைப் பக்கமாக.

வழியைப் போட்டவள் அவள்தான். எந்தப் பட்டையில் ஏறினாலும் கடைசியில் பிள்ளையின் கட்டிலில் போய் முடியும்படி போட்டவளும் அவள்தான்.

சனிக்கிழமை பிற்பகல் பெரியம்மா பல் வைத்தியரிடம் போயிருந்தாள். வெளியே மழை அடித்துப் பெய்தது. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீரின் நிழல் கூடத்துத் தரை முழுக்க நெளிந்தது. ஊறின துணியை மூடி வைத்தது போல் ஒரு புளித்த நாற்றம் சுவரோரமாக அடித்தது. நசுங்கல் இப்போது அறை வாசலில் இருந்தது. உள்ளே குருவி கட்டிலில் உட்கார்ந்து பொம்மையின் முடியைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

பட்டையைப் பிடுங்கினால் பிள்ளைக்கு நடக்க வழியில்லை. ஹாஸ்டல்தான். பிடுங்காவிட்டால்?

கத்தியை எடுத்தாள். மூலையிலிருந்து ஆரம்பித்தாள். பசை விடவில்லை, ரப்பர் பர்ரென்று கிழிந்தது. மண்டியிட்டபடியே இழுத்தாள். கூடம் முடிந்தது. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை. இழுவைச் சத்தத்துக்கு நடுவில் உள்ளே நார் உரசும் சத்தம் கேட்டது போல் இருந்தது. குருவியின் குரலும்.

"வாங்க."

தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாள். "இதோ வந்துட்டேன்டா," என்றாள். இழுத்தாள். வாசல். வாசலுக்கு உள்ளே. கடைசித் துண்டும் கையோடு வந்தது.

வெறும் தரை. எங்கும் நசுங்கல் இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

"அம்மா, வழிய எடுத்துட்டியா?"

"ஆமாடா. இனிமே யாரும் வர முடியாது."

குருவி பின்னலை நிறுத்தினாள்.

"அப்ப இவங்க எப்படித் திரும்பிப் போவாங்க?"

தரைக்காரி நிமிர்ந்தாள்.

பிள்ளை சுவரோடு ஒட்டி, காலை மடக்கிக்கொண்டு, இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். விட்ட இடத்தில் மெத்தை பள்ளமாக இருந்தது. கட்டிலுக்கு முன்னால் கால்மிதியில் இரண்டு பாதங்களின் தடம். குதிகால் தரைக்காரியின் பக்கம். விரல்கள் கட்டிலின் பக்கம்.

அவளால் கால்மிதியைத் தாண்ட முடியவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் கேட்டது.

"வரலாமா?"

குருவி முகத்தை அந்தப் பள்ளத்தின் பக்கம் திருப்பி, அங்கிருந்து பதில் வரட்டும் என்று காத்திருந்தாள்.

உங்கள் வீட்டில் யாராவது வெறும் தரையைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்களா? எந்த இடத்தில் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.