விழுங்காத மிடறு

அந்தக் கூடத்தில் யாரும் விழுங்குவதில்லை.

சுவரில் அப்படி எழுதி ஒட்டியிருக்கவில்லை. புதிதாக வருபவருக்கு எவரும் சொல்லித் தருவதுமில்லை. நீண்ட மேசைக்குப் பின்னால் ஐந்து நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் அருகே துப்புவதற்கென்று ஒரு பித்தளைப் படிக்கம். பெயர் தெரியாதபடி துணிப்பை போர்த்திய புட்டியிலிருந்து கோப்பையில் ஒயின் விழும். ஐவரும் சுழற்றுவார்கள், முகர்வார்கள், ஒரு வாய் எடுத்து நாவில் உருட்டுவார்கள், துப்பிவிட்டு மதிப்பெண் எழுதுவார்கள். ஒரே நாளில் நாற்பது ஒயின்களை விழுங்கினால் தலை நிற்காது என்பதுதான் காரணம். காலப்போக்கில் காரணம் மறைந்து கௌரவம் மட்டும் மிஞ்சியது. விழுங்குகிறவர் குடிப்பவர், துப்புகிறவரே சுவைஞர்.

அவள் ஐந்தாவது நாற்காலிக்காரி. முதல் நாற்காலியில் இருப்பவர் அவளுடைய அண்ணன். கூடத்து ஊழியர்கள் அவளுக்கு இட்ட பட்டப்பெயர் 'மூக்கு'. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அது அவளுக்குத் தெரியும், உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று மாலை மழை சொல்லிக்கொள்ளாமல் வந்தது. குடையை அலுவலகத்தில் விட்டுவிட்டுப் பேருந்து நிறுத்தத்தின் ஒடுங்கிய கூரைக்கடியில் அவள் உட்கார்ந்திருந்தபோது, மரப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடிவந்தான். மேலங்கியைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்தியிருந்தான். அவனோ தெப்பமாக நனைந்திருந்தான்...

"கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன். பெட்டி நனையுது."

"உங்க பெட்டிக்காக நான் நனையணுமா?"

"நீங்க நனைஞ்சா காஞ்சிடுவீங்க. லேபிள் நனைஞ்சா உரிஞ்சிடும்."

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். இமை மயிர்களில் மழைத்துளிகள் தொங்க, அவற்றுக்குப் பின்னால் இரண்டு கண்கள்... இத்தனை மழையிலும் அணையாத கண்கள். அவள் தள்ளி உட்கார்ந்தாள். இடது தோள் நனையத் தொடங்கியது. அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"ஒயினா?"

"ஆமா, நாங்களே செஞ்சது. நானும் எங்க அக்காவும். இன்னைக்கு ஆறு கடை ஏறி இறங்கிட்டேன். அஞ்சு பேரு லேபிளைப் பார்த்துட்டு, கேள்விப்பட்டதே இல்லையேன்னாங்க. ஆறாவது ஆளு லேபிளைக்கூடப் பார்க்கலை." பேசிக்கொண்டே, மாதிரிக்காகத் திறந்திருந்த புட்டியை எடுத்து, பிளாஸ்க் மூடியில் சிறிது ஊற்றி நீட்டினான். "நீங்களாச்சும் குடிச்சுப் பாருங்க. பஸ் வர்ற வரைக்கும் வேற என்ன வேலை?"

பழக்கத்தில் மூடியைச் சுழற்றினாள். கறுத்த பிளம் பழம், நனைந்த கல், அடியில் எங்கோ, கவாத்துச் செய்த கொடியை எரித்த சாம்பலின் மெல்லிய வாடை. நல்ல கை, என்று மனம் சொன்னது. ஒரு வாய் எடுத்தாள். நாவில் உருட்டினாள். உருட்டிவிட்டு, பதினோரு ஆண்டுப் பழக்கம் தலையைத் திருப்ப, ஓடுகின்ற மழைநீரில் துப்பினாள்.

அவன் அவளையும் ஓடும் நீரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னங்க... துப்பிட்டீங்க?"

"அது... பழக்கம்."

"நல்ல பழக்கம்! யார் வீட்டுக்காச்சும் போனா, குடுத்த காபியையும் இப்படித்தான் துப்புவீங்களா?"

முகம் கன்றிப்போய், தான் யார் என்பதைச் சொன்னாள். அவ்வளவு மழையிலும் அணையாத கண்கள் அந்த ஒரு சொல்லில் அணைந்தன.

"ஓ... ஒன்பது வருஷமா எங்க ஒயினைத் துப்புற கூட்டம் நீங்கதானா!"

"அங்க எல்லாத்தையும் துப்பத்தான் செய்வோம்."

"மத்ததைத் துப்புங்க. வேண்டாங்கலை. இது தொண்டைக்குள்ள இறங்கினப்புறம்தான் பேசும்ங்க. எங்க அக்கா மாதிரி. வாசல்ல நின்னா ஒரு வார்த்தை வராது. உள்ள வந்து உட்கார்ந்தா நிறுத்த முடியாது." மூடியில் மறுபடி ஊற்றினான். "ஒரே ஒரு மிடறு. முழுங்கிப் பாருங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"மாட்டேன்னா மாட்டேன்."

பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்து, வழியும் கண்ணாடி வழியே பார்த்தாள். மூடியில் இருந்ததை அவன் கீழே கொட்டவில்லை. தானே குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். வெகுநேரம் கழித்து வருகிற யாரையோ எதிர்பார்ப்பவனைப் போல...

மன்னிப்புக் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமை போனாள். தனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். முகவரி லேபிளில் இருந்தது.

வீட்டுக்குக் கீழே நிலவறை, பன்னிரண்டு பீப்பாய்கள். சட்டைக் கையை முழங்கைவரை மடித்திருந்த ஒரு பெண், பீப்பாய் ஒன்றில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கைகள் மணிக்கட்டுக்கு மேல்வரை ஊதாவாகச் சாயமேறியிருந்தன.

"அக்கா, நான் சொன்னேன்ல..." என்று அவன் இழுத்தான்.

அக்கா தலையைத் தூக்காமலே பார்த்தாள். "துப்பினவங்களா? வாங்கம்மா, உட்காருங்க. தம்பி, அந்த வாளியை எடுத்து இவங்க பக்கத்துல வை. தேவைப்படும்."

"அக்கா, சும்மா இரு."

"வந்தவங்க வசதியைப் பார்க்கணும்லடா?"

அந்தப் பிற்பகலில் அவள் கண்டது வேறு எந்தப் பெரிய ஆலையிலும் காணாத ஒன்று. வெயில் ஏறுவதற்குள் இருவர் மட்டுமே கத்தரித்த குலைகள். காம்பில் பாதியை நீக்கி, பாதியை அப்படியே விட்டுவைத்த கணக்கு. பீப்பாய்க்குள் நுரைப்பு ஓய்ந்ததா இல்லையா என்று கருவியைப் பார்க்காமல் காதால் அறியும் அக்கா. அவள் "இன்னும் ரெண்டு நாள்" என்றால் மறுபேச்சின்றிக் காத்திருக்கும் தம்பி. அடியில் படிந்த வண்டலை இரண்டு குளிர்காலங்கள் மெல்லக் கிளறி, அவசரப்படாமல் தெளியவிட்ட பொறுமை. பதினோரு ஆண்டுகள் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவளுக்கு, தான் எதற்குத் தீர்ப்புச் சொன்னோம் என்பது முதன்முறையாக உறைத்தது.

"இந்தத் திராட்சை மேடு எங்க சித்தப்பாவோடது," என்றான் அவன். "உங்க கூடம் போடப்போற பட்டியல்ல எங்க பேர் இருந்தா கொடி நிக்கும். இல்லைன்னா வேரோட பிடுங்கிட்டுக் கிடங்கு கட்டுறதா முடிவு பண்ணிட்டாரு. ஒன்பது வருஷம் பொறுத்தாரு, அவரையும் குறை சொல்ல முடியாது."

"என்கிட்ட இதைச் சொல்லி..."

"சிபாரிசு கேக்கலை. ஒரு மிடறு முழுங்குங்க, அப்புறம் திட்டுங்க. அது போதும்."

"இப்ப முழுங்கினா அன்னைக்கு நியாயமா மார்க் போட முடியாது."

"முழுங்காம போடுற மார்க் மட்டும் நியாயமா?" என்றான்.

அவன் நீட்டிய கோப்பையில் ஒரு வாய் எடுத்து, வாளியில் துப்பினாள். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கையில் விரல்கள் பட்டுக்கொண்டன. அக்கா சட்டென்று இன்னொரு பீப்பாயின் பக்கம் திரும்பி, அதில் மிகக் கவனமாகக் காதை வைத்துக்கொண்டாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனாள். ஒவ்வொரு முறையும் முகர்ந்தாள், ருசித்தாள், வாளியில் துப்பினாள். ஒவ்வொரு முறையும் அவன் வாளியைப் பார்த்தான். திரும்பும்போது ஒரே குடையின் கீழ் நிறுத்தம்வரை நடந்தார்கள். குடை ஒன்றுதான் என்பதால் இருவரும் ஒவ்வொரு தோள் நனைந்தார்கள்...

மூன்றாம் ஞாயிறு மாலை, கதவைத் திறந்த அண்ணன் அவளுடைய சட்டைக் கையின் ஓரத்தைப் பார்த்தார்.

"சாயம் ஒட்டியிருக்கு. யாரோட தோட்டம்?"

அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"சரி, யாருன்னு நான் கேக்கப் போறதில்லை. தெரிஞ்சா எனக்கும் கஷ்டம். ஆனா ஒண்ணு. உன் மார்க் ஒரு புள்ளி சாஞ்சாலும், அண்ணன் நாற்காலி குடுத்தாரு, தங்கச்சி ஆளைப் பிடிச்சாள்னு சிரிப்பாங்க. சம்பாதிச்ச பேரு ஒரே நாள்ல போயிடும்."

"நான் யார் பக்கமும் சாய மாட்டேன் அண்ணா."

"சாய மாட்டேன்னு சொல்றவங்கதான் கீழ விழுவாங்க," என்றார் அவர். குரலில் கோபமில்லை, அதுதான் அவளைச் சுட்டது.

இந்த ஆண்டு விலகிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள். விலகினால் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால், அதற்குக் காதல் என்று பெயர் வந்துவிடும்... பெயரிட அவளுக்குத் துணிவில்லை. துணிவின்மையை அவள் கடமை என்று அழைத்துக்கொண்டாள்.

சுவைநாள் வந்தது. செய்தவர்கள் பின்வரிசைப் பலகைகளில் வாய்பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது ஆண்டும் புட்டியை மட்டும் அனுப்பிய அவன் இந்த முறை நேரில் இருந்தான், அக்கா இருந்தாள், ஓரமாக, கோட்டுப் போட்ட சித்தப்பா. நூற்றுக்கு எண்பது எடுத்த ஒயின் பட்டியலில் ஏறும்; ஒவ்வொரு நாற்காலிக்கும் இருபது.

முப்பத்தொன்றாம் புட்டி.

கோப்பை உதட்டைத் தொடுமுன்பே தெரிந்துவிட்டது. நனைந்த கல், அந்தச் சாம்பல்... பின்வரிசையை அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நாவில் உருட்டினாள். துப்பினாள். பித்தளையில் அது விழுந்த ஓசை அன்றைக்கு மட்டும் கூடம் முழுக்கக் கேட்டதாகத் தோன்றியது.

பதினேழு, என்றது நாக்கு.

யாருடைய பதினேழு? நாக்கினுடையதா, மழையினுடையதா, ஒரே குடையினுடையதா? பேனா தாளின்மேல் நின்றது. தன்னை நம்பாதவள், தன்னிடமிருந்து தப்பிப்பதற்காகக் குறைத்தாள். பதினாறு... பதினைந்து... இன்னும் ஒன்றைக் குறைத்தால்தான் தான் நேர்மையானவள் என்று தோன்றியது. பதினான்கு என்று எழுதினாள்.

ஊழியர் வாசித்தார். "பதினாறு. பதினாறு. பதினேழு. பதினாறு. பதினாலு. மொத்தம் எழுபத்தொன்பது."

ஒன்று. ஒரே ஒன்று குறைந்தது.

சித்தப்பா எழுந்து கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். கனிவாகவே அவனுடைய தோளைத் தட்டினார். அக்கா அழவில்லை, மடியில் கிடந்த ஊதாக் கைகளை, யாரோ மறந்துவிட்டுப் போனவற்றைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மட்டும் நிமிர்ந்து மேசையைப் பார்த்தான். அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். நீங்கள் உங்கள் வேலையைத்தான் செய்தீர்கள் என்பதுபோல... அவன் திட்டியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"முப்பத்திரண்டு," என்றார் அண்ணன்.

முப்பத்தொன்றாம் கோப்பைகளை அள்ள வந்த ஊழியர் கையை நீட்டியபோது, அவள் தன் கோப்பையை விடவில்லை. எழுந்து நின்றாள்.

"அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க."

"உட்காரு. எழுதினதைத் திருத்த முடியாது."

"தெரியும். திருத்தச் சொல்லலை. அந்த ஒரு மார்க்கை இனி யாராலயும் குடுக்க முடியாது, என்னாலயும்தான்." கோப்பையைக் கீழே வைக்காமலே தொடர்ந்தாள். "ஆனா எப்படிப் போட்டேன்னு சொல்லிடறேன். என் நாக்கு பதினேழுன்னு சொல்லிச்சு. இதைச் செஞ்சவரை எனக்குப் பிடிச்சிருக்கு. அது வெளிய தெரிஞ்சிடுமோன்னு பயந்துட்டுப் பதினாலு போட்டேன். நான் நேர்மையானவள்னு காட்டிக்க, ரெண்டு பேரோட ஒன்பது வருஷத்தைப் பலி குடுத்துட்டேன்."

கூடத்தில் யாரோ இருமினார்கள். அண்ணன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

அவள் பின்வரிசையைப் பார்த்துப் பேசினாள். அந்தக் கூடத்தில் யாரும் எப்போதும் பார்க்காத திசை அது.

"பஸ் ஸ்டாப்பிலயே சொல்லியிருக்கணும். மூணு ஞாயித்துக்கிழமையும் சொல்லியிருக்கணும். உங்களைப் பிடிச்சிருக்குங்க. இதை இப்ப சொல்றதுக்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை... கொடியைப் பிடுங்க வைச்சவ நான். என்னை நீங்க மன்னிக்க வேண்டாம். நீங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையாச்சும் செய்யறேன்."

"வேணாம்," என்றார் அண்ணன், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "அப்புறம் இந்த நாற்காலியில உட்கார முடியாதும்மா."

அவள் கோப்பையை உயர்த்தினாள். அவன் பலகையிலிருந்து எழுந்துவிட்டிருந்தான். கண்கள் நனைந்திருந்தன, இந்த முறை மழையில்லாமல். அந்தக் கண்களிலிருந்து பார்வையை எடுக்காமல், இருந்த அத்தனையையும் வாயில் ஏந்தி, ஐந்து படிக்கங்களின் முன்னிலையில் விழுங்கினாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு, எல்லாம் முடிந்துவிட்டதென்று தோன்றிய நேரத்தில், தொண்டையின் ஆழத்திலிருந்து அது எழுந்து வந்தது... சூடாக, நிதானமாக, முடிவே இல்லாததைப் போல. இத்தனை ஆண்டுகள் இதைத்தான் துப்பிக்கொண்டிருந்தோமா என்ற கசப்பும் கூடவே வந்தது. அவள் கண்ணை மூடவில்லை.

கோப்பையை அண்ணனுக்கு முன்னால் கவிழ்த்து வைத்தாள். வெள்ளை விரிப்பில் ஒரு துளியும் விழவில்லை.