நிற்காமல் போன வண்டிகள்

பொன்னமராவதிக்குப் போகும் சாலையில் மூடிக்கிடக்கும் அரிசி ஆலை ஒன்று இருக்கிறது. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் போலீசார் அதன் களத்தில்தான் கொண்டுவந்து போடுவார்கள். நெல் காயப்போட்ட சிமெண்டுத் தரையில் இப்போது நசுங்கிய ஆட்டோக்களும் சக்கரம் கழன்ற பைக்குகளும் காய்கின்றன.

நான் அங்கே போய் இறங்கியபோது சரியாகப் பகல் பன்னிரண்டு மணி. சித்திரை வெயில். காரை வாசலில் வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

என் பெயர் மரியசெல்வம். விபத்து வண்டிகளைப் பார்வையிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் சர்வேயர். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. இரத்தம் காய்ந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கை கழுவிச் சாப்பிடப் பழகியவன். பேய், பிசாசு என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். அன்று வரைக்கும் சிரித்தேன்.

ஆலைச் சுவரோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். நிழலில் ஒதுங்கக்கூடத் தோன்றாமல் வெயிலிலேயே நின்றாள்.

"சார், இன்சூரன்ஸ்லேருந்து வர்றது நீங்கதானா? நான் பொற்கொடி. டிரைவர் சேரனோட சம்சாரம்."

அவள் பக்கத்தில் ஏட்டு நாகராசு குடையைப் பிடித்தபடி நின்றார். அவருக்கும் எனக்கும் பழைய பழக்கம்.

"கேஸ் தெளிவா இருக்கு சார்" என்றார் அவர். "காலங்காத்தால பால் ஊத்தப் போன பொம்பளைய இடிச்சிருக்கான். பிச்சையம்மாள்னு பேரு. அறுபது வயசு. தூக்கிப் பின்சீட்டுல போட்டுக்கிட்டுத் தப்பிக்கப் பாத்திருக்கான். பதட்டத்துல புளியமரத்துல விட்டுட்டான். நாங்க போகையில அந்தம்மா பின்னாடி செத்துக் கெடந்துச்சு. இவன் ஸ்டியரிங்ல கவுந்து கெடந்தான். குடிச்சிருந்தான்னு ஒரு சாட்சி வேற சொல்லியிருக்காரு."

"அவரு குடிக்க மாட்டாரு சார்!" பொற்கொடியின் குரல் உடைந்தது. "ஒம்பது நாளா கண்ணத் தொறக்காம ஆஸ்பத்திரியில கெடக்காரு. வாசல்ல போலீஸ் ஒக்காந்திருக்கு. அந்தம்மா ஊர்க்காரங்க வீட்டுக்கு வந்து கொலைகாரன் பொண்டாட்டின்னு மண்ண வாரித் தூத்திட்டுப் போறாங்க. வண்டியில கேமரா இருக்கு சார். முன்ன ஒரு தடவ ஒரு பைக்குக்காரன் தானா வந்து இடிச்சிட்டு இவரு மேல பழியப் போட்டான். அதுக்கப்பறந்தான் மாட்டுனாரு. நாம சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, கேமரா சொன்னா நம்புவாங்கன்னாரு. அத மட்டும் தேடிப் பாருங்க சார்."

"வண்டிய இழுத்துட்டு வரையில முன்கண்ணாடியே உதிர்ந்து போச்சேம்மா. கேமராவுக்கு எங்க போறது?" என்றார் நாகராசு. அதற்குள் அவருடைய போன் அடித்தது. "ஸ்டேஷன்லேருந்து கூப்பிடுறாங்க. நீங்க பாருங்க சார், இந்தா வாரேன்" என்று வாசல் பக்கம் போனார்.

கார் தகரக் கொட்டகையின் கீழ், கடைசியில் நின்றது. வெள்ளை டாக்சி. இடது முன்பக்கம் உள்ளே போயிருந்தது. பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள்.

கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது.

புளித்த பால். அதற்கு அடியில் வேறொன்று.

டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். விரலில் ஒரு வயர் சிக்கியது. இழுத்தேன். சின்ன டப்பா ஒன்று வெளியே வந்தது. சாலையைப் பார்க்க ஒரு லென்ஸ், காருக்குள் பார்க்க ஒரு லென்ஸ், நடுவில் உள்ளங்கையில் பாதி அளவுக்குத் திரை. டாக்சிக்காரர்கள் வாங்கும் வகை. மெமரி கார்டு உள்ளேயே இருந்தது.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, கார்டைச் செருகினேன். உச்சி வேளையில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

வீடியோ ஓடியது. விபத்து நடந்த வெள்ளிக்கிழமை, காலை ஐந்து ஐம்பத்திரண்டு. கருக்கல் கலையும் நேரம். முன்னால் ஒரு டிப்பர் லாரி. சாலையோரம் பால் கேனோடு ஒரு பெண். லாரி அவளை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. அதன் எண் தெளிவாகத் தெரிந்தது. சாலை நடுவில் விழுந்தவள் மேல் ஏறிவிடாமல் இருக்கச் சேரன் இடது பக்கம் ஒடித்தான். மரம். படம் குலுங்கி நின்றது.

பொற்கொடி சொன்னது உண்மை. அவள் புருஷன் யாரையும் இடிக்கவில்லை.

காருக்குள் பார்க்கும் லென்ஸில் சேரனின் முகம் தெரிந்தது. நெற்றியெல்லாம் இரத்தம். போனை எடுத்தான். அது சுக்கலாகியிருந்தது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அந்தப் பெண்ணை இழுத்துவந்து பின்சீட்டில் கிடத்த அவனுக்கு ஆறு நிமிடம் ஆனது.

"கண்ண மூடாதீங்க ஆத்தா. வண்டி வரும். இந்தா வந்துரும்."

"தண்ணி" என்றாள் அவள். "தண்ணி குடுப்பா."

"தண்ணி இல்ல ஆத்தா. வர்ற வண்டியில வாங்கித் தாரேன்."

சாலைக்குப் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். ஒரு வேன் வேகத்தைக் குறைத்தது, உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், போய்விட்டது. இரண்டு பைக்குகள் விலகிப் போயின. ஒருவன் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பின்சீட்டிலிருந்து மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நீளமாக, ஈரமாக.

தாங்க முடியாமல் வீடியோவை நிறுத்தினேன்.

மூச்சு நிற்கவில்லை.

எனக்குப் பின்னால் இருந்து வந்தது. என் பிடரிக்கு ஒரு முழ தூரத்திலிருந்து.

திரும்பிப் பார்க்க நினைத்தேன். கழுத்து திரும்பவில்லை. அந்த வெயிலிலும் முதுகு சில்லிட்டது. பின்சீட்டின் ஸ்பிரிங் மெல்ல முனகியது. படுத்திருப்பவர் புரண்டால் வருமே, அந்தச் சத்தம்.

என் விரல் தானாகவே வீடியோவை ஓட்டியதா, நான்தான் ஓட்டினேனா, தெரியாது. மணி ஆறு இருபத்தொன்று. எதிரே ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. சேரன் அதன் முன்னால் கிட்டத்தட்ட விழுந்தான். கார் வலது பக்கம் ஒடித்து, அவனைச் சுற்றிக்கொண்டு போனது.

அதன் எண்ணை இரண்டாம் முறை படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அது வாசலில் வேப்பமரத்தடியில் நின்ற என் கார்.

குடிகாரன் என்று நினைத்துப் போனதாகத்தான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே பொய் எழுதக் கூடாது. இரத்தத்தைப் பார்த்தேன். நின்றால் ஸ்டேஷன், சாட்சி, கோர்ட் என்று அலைய வேண்டும். அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? பின்னால் வருகிறவர் நிற்பார் என்று போய்விட்டேன். இந்தக் கேஸ் தாளில் இடத்தின் பெயரைப் படித்தபோதே அன்று காலை நடந்தது நினைவுக்கு வந்தது. வேறு விபத்தாக இருக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தேன்.

திரையில் சேரன் திரும்பி வந்து சீட்டில் விழுந்தான்.

"இந்தக் காரும் நிக்கல ஆத்தா" என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. தலை ஸ்டியரிங்கில் சாய்ந்தது. பின்னால் இருந்து அந்தக் குரல் இன்னும் பதினொரு நிமிடம் தண்ணீர் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

கார்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். கேமராவைச் சீட்டில் எறிந்துவிட்டு, பின்பக்கம் பார்க்காமலே வெளியே பாய்ந்தேன்.

பொற்கொடி ஓடி வந்தாள். "இருந்துச்சா சார்?"

என் அறிக்கை, என் பெயர், என் உரிமம், என் முகம். எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின.

"கேமரா இருந்துச்சும்மா. ஆனா ஒண்ணும் பதியல. கார்டு கெட்டுப்போச்சு."

அவள் அழவில்லை. சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். தரை கொதித்தது. அது அவளுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

"அப்ப அவரு கண்ணு முழிக்காமலே போயிட்டா தேவலாம் சார்" என்றாள் மெதுவாக. "முழிச்சா செயிலுக்குல்ல போகணும்."

நான் அவளைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"கண்ண மூடாதீங்க ஆத்தா."

கொட்டகைக்குள் இருந்து வந்தது அது.

பொற்கொடி தலையைத் தூக்கினாள்.

"வண்டி வரும். இந்தா வந்துரும்."

"அவரு குரல்!" அவள் எழுந்து ஓடினாள். "சார், அவரு குரல் சார்!"

நானும் ஓடினேன். எதற்காக என்று தெரியவில்லை. அவள் அந்தக் காருக்குள் தனியாகப் போய்விடக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

டிரைவர் சீட்டில் கேமரா கிடந்தது. பேட்டரி இல்லாத காரில், எங்கும் இணைக்காத வயரோடு, கார்டு இல்லாமல். அதன் திரை எரிந்துகொண்டிருந்தது.

திரையில் பின்சீட்டு தெரிந்தது. அதில் ஒரு கிழவி படுத்திருந்தாள். சேலையெல்லாம் பாலும் இரத்தமும். அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

என்னைத்தான் பார்த்தாள்.

திரையிலிருந்து கண்ணை எடுத்து நேரே பின்சீட்டைப் பார்த்தேன். காலி. கறை மட்டும்தான். ஆனால் சீட்டு ஓர் ஆள் கிடக்கும் அளவுக்கு அமுங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

"நிக்கல" என்றது குரல். அது சேரனின் குரல் இல்லை.

பொற்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கேட்டது.

"சார்" என்று கிசுகிசுத்தாள். "அது யாரச் சொல்லுது?"

நான் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தேன். கேமராவின் திரை அணைந்தது.

"என்னையச் சொல்லுதும்மா" என்றேன்.

நாகராசு போன் பேசி முடித்து வந்தபோது கார்டை அவர் கையில் கொடுத்தேன். எங்கே கண்டெடுத்தேன், எத்தனை மணிக்கு எடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் என் கார் இருக்கிறது என்பதையும் எழுதினேன். இந்த அறிக்கையை நான் தயாரிப்பது முறையாகாது என்று கம்பெனிக்குத் தெரிவித்தேன். வேறு சர்வேயர் வந்தார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எண்ணை வைத்து டிப்பர் லாரியைப் பிடித்தார்கள். குடித்திருந்தான் என்று சொன்ன சாட்சி, வீடியோவைப் பார்த்ததும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். சேரன் மேல் இருந்த வழக்கு விலகியது. காப்பீட்டுக்கும் இனித் தடை இல்லை என்றார்கள். பிச்சையம்மாளின் மகள் ஆஸ்பத்திரிக்கு வந்து, நினைவில்லாமல் கிடந்த சேரனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாளாம். அவன் இருபதாம் நாள் கண் திறந்தான். இனி வண்டி ஓட்ட முடியாது. ஆனால் உயிரோடு இருக்கிறான்.

எனக்கு யாரும் தண்டனை கொடுக்கவில்லை. ஸ்டேஷனில் வீடியோ முழுவதையும் பார்த்துவிட்டு வெளியே வந்த பொற்கொடி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க நின்னிருந்தா அந்தம்மா பொழச்சிருக்குமா சார்?"

பதினொரு நிமிடம். எனக்குப் பதில் தெரியும்.

ஆடி மாதம், ஒரு சாயங்காலம் நார்த்தாமலைப் பக்கம் வேலையை முடித்துவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். சாலையில் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. நாய் குறுக்கே ஓடியதாம். ஓட்டி வந்த பெண் தலையில் அடிபட்டுக் கிடந்தார். சுற்றி நின்றவர்கள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். நான் காத்திருக்கவில்லை. அவரைத் தூக்கி என் காரின் பின்சீட்டில் படுக்க வைத்தோம். கூட வர யாரும் முன்வரவில்லை. காரில் நாங்கள் இரண்டு பேர்தான். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் ஓட்டி, கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

பிழைத்துக்கொண்டார். அன்புச்செல்வி என்று பெயர், பள்ளி ஆசிரியை. மறுநாள் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் பெரிய கட்டு. என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் தோளுக்குப் பின்னால், வாசலைப் பார்த்தார்.

"அவங்க வரலீங்களா சார்?"

"யாரும்மா?"

"பின்சீட்டுல என் தலைய மடியில வச்சுக்கிட்டு வந்தாங்களே, வயசான அம்மா." அவர் முகத்தில் நன்றி இருந்தது. அதோடு லேசான வருத்தமும். "பாவம் சார் அவங்க. தண்ணி, தண்ணின்னு வழி முழுக்க ஒங்களக் கேட்டுக்கிட்டே வந்தாங்க. நீங்க ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல."