சாய்ந்த எழுத்து

மாரீஸ்வரி இடது கையால் எழுதுவாள். அவள் எழுத்தெல்லாம் இடப்பக்கமாகச் சாய்ந்தே நிற்கும்.

அவளுடைய தோழி செல்வலட்சுமியின் அண்ணன் சதீஸ்குமார், மதுரையில் எழுத்துரு வடிவமைக்கப் படிக்கிறான். கம்ப்யூட்டரில் தட்டினால் வரும் எழுத்துகளுக்கு உருவம் வரைகிற படிப்பு அது. விடுமுறைக்குத் திருச்சுழி வந்தவன், "சின்னப்பிள்ளை கையெழுத்து ஒன்னு வேணும். நெசமான கையெழுத்து. அதை அப்படியே எழுத்துருவா ஆக்கணும்" என்றான்.

செல்வலட்சுமி கேட்டதும் மாரீஸ்வரி ஒரு தாளில் எல்லா எழுத்தையும் எழுதித் தந்தாள். அண்ணன் அதைப் படம்பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். விட்டுப்போன கோடுகளை எப்படித் தொட்டுச் சேர்ப்பது என்று தங்கைக்குக் காட்டிவிட்டு, ஒரு வேலையாக அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போனான்.

செல்வலட்சுமியின் கை சும்மா இருக்கவில்லை. 'க' சாய்கிறதே என்று நிமிர்த்தினாள். 'ழ'வின் வால் நீளம் என்று வெட்டினாள். பழைய படத்தின் மேலேயே சேமித்தும் விட்டாள். தாளோ குப்பையோடு போய்விட்டது.

மாற்றியது தெரியாமல் அண்ணன் முடித்துத் தந்த அந்த எழுத்திலேயே பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழ் அச்சானது. அடியில், 'கையெழுத்து: மாரீஸ்வரி, ஆறாம் வகுப்பு.' வகுப்பே கைதட்டியது.

மாரீஸ்வரி அதை வெகுநேரம் பார்த்தாள். "இது என் எழுத்து இல்லடி."

"கொஞ்சம் அழகாக்குனேன்."

"அப்ப என் எழுத்து அசிங்கமா இருந்துச்சா?"

செல்வலட்சுமி தன் அழைப்பிதழை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அதன்பிறகு மாரீஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் நிமிர்த்தி நிமிர்த்தி எழுதினாள். தமிழ்த் தேர்வில் பாதிக் கேள்விக்குமேல் எழுத நேரம் போதவில்லை. அதைப் பார்த்த செல்வலட்சுமி, வீட்டுக்கு வந்ததும் நேரே அண்ணனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, பழசைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா?"

"முடியாதும்மா. நானும் கூட இருந்து பாத்திருக்கணும்" என்றான் அவன் வருத்தத்தோடு.

மறுநாள் அவள் மாரீஸ்வரி வீட்டுக்குப் போனாள். "உன் எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் கேக்காம கெடுத்துட்டேன். இஷ்டம் இருந்தா இன்னொரு தடவை எழுதித் தர்றியா?"

மாரீஸ்வரி எழுதிப் பார்த்தாள். எல்லாம் குச்சி குச்சியாக நின்றன. "இப்ப எனக்கே அது வரலடி" என்றாள். பேனாவை மூடி வைத்தாள்.

செல்வலட்சுமி யோசித்தாள். "அப்ப என்னையத் திட்டி எழுது. மனசுல இருக்கிறதெல்லாம் எழுது. அதுல இருந்து அண்ணன் எழுத்து எடுக்கட்டும்."

"கோவிச்சுக்க மாட்டியே?"

"மாட்டேன்."

முதல் வரி விறைப்பாகத்தான் வந்தது. 'பென்சிலை வாங்கினால் தரமாட்டாய்' என்ற வரியில் பேனா ஓடத் தொடங்கியது. 'உனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நினைப்பு' என்ற இடத்தில் 'க' சாய்ந்தது. 'ழ'வின் வால் அடுத்த வரிவரை இறங்கியது. பக்கங்கள் நிறைந்தன. வாசிக்க வாசிக்கச் செல்வலட்சுமிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கடைசிவரை வாசித்தாள்.

சதீஸ்குமார் தேடிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு. 'ஔ' மட்டும் இல்லியே" என்றான்.

"ஔவுல எனக்குத் திட்ட வரலண்ணே" என்றாள் மாரீஸ்வரி. பல நாளைக்குப் பிறகு மூவரும் சிரித்தார்கள்.

அழைப்பிதழ்கள் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றைத் திரும்ப வாங்க முடியாது. பள்ளிப் பலகையில் ஒட்டியிருந்ததைக் கடக்கும்போதெல்லாம் செல்வலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

புது எழுத்துரு தயாரானதும் கம்ப்யூட்டரைத் தோழியின் பக்கம் திருப்பினாள். "நான் தொடல. நீயே தட்டு."

மாரீஸ்வரி தேடித் தேடித் தன் பெயரைத் தட்டினாள். இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து எழுத்துகள் வந்து நின்றன. தலையையும் அதே பக்கம் சாய்த்து, அவள் அதை மெதுவாக வாசித்தாள்.